மார்க்கர் சிஸ்டர்

எங்கள் மார்மன் சபையில் கல்யாணமான பெண்களும் சிஸ்டர்தான். என்னை முகத்துக்கு நேரே சிஸ்டர் தோரப் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் மார்க்கர் சிஸ்டர் என்பார்கள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு! எல்லாம் தெரியும். போன மாதம் வரைக்கும் அந்தப் பேரில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையே இருந்தது.

எங்கள் சபையின் பெண்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை பிஷப் என் தலையில் கட்டிச் சில வருஷங்களாகிறது. அத்தனையும் கதைப் பைத்தியங்கள். பள்ளிக்கூட நூலகத்திலிருந்து தலையணை தடிமனுக்கு நாவல் தூக்கிக்கொண்டு வருவார்கள். உள்ளே பார்த்தால் கெட்ட வார்த்தை, ஆண்டவர் பேரை இழுத்துத் திட்டுவது, இருட்டில் முத்தம். அம்மாமார்கள் புலம்பித் தள்ளினார்கள். ஒருத்தி புத்தகத்தைக் கணப்பு அடுப்பில் போட்டே விட்டாள். எனக்கு அது பொறுக்கவில்லை. புத்தகத்தை எரிக்கிற ஜாதி இல்லை நான். ஒரு கறுப்பு மார்க்கர் வாங்கினேன். கெட்ட வார்த்தையை அடித்தேன். முத்தம் உதட்டை விட்டுக் கழுத்துக்கு இறங்கினால் அதையும் அடித்தேன். மீதியைப் பிள்ளைகள் படிக்கட்டும் என்று வீட்டு நடையில் ஓர் அலமாரியில் அடுக்கினேன். பக்கத்துச் சபை அம்மாக்கள்கூட, "கொஞ்சம் பாத்துக் குடுங்க சிஸ்டர்" என்று, சலவைக்குத் துணி போடுகிற மாதிரி புத்தகம் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார்கள்.

என் வீட்டுக்காரர் கர்ட் வான்கோழிப் பண்ணையில் வேலை பார்ப்பவர், வாய் சும்மா இருக்காது. "அடிக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் நீதானே படிக்கிறே? இந்தப் பள்ளத்தாக்குலயே அதிகமா முத்தம் படிச்ச பொம்பள நீதான்டி" என்பார். போய்யா என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருப்பேன்.

அலமாரியில் எது வந்தாலும் முதலில் படிப்பவள் எங்கள் மகள் ப்ரின்லி. பதினாறு வயது. படிப்பதோடு விட மாட்டாள், எழுதவும் செய்வாள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டே தனக்குத்தானே சிரிப்பாள். அவளைப் போல ஒருத்தி எனக்குப் பிறந்தது எப்படி என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

ஜனவரியில் அந்தச் சிரிப்பு நின்றது.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்கு உபவாசம். இரண்டு வேளை சாப்பிடாமல் சபைக்குப் போவோம். அன்றைக்குப் பிரசங்கம் கிடையாது. யாருக்கு மனம் ஏவுகிறதோ அவர்கள் எழுந்து போய் மைக்கில் சாட்சி சொல்வார்கள். தொண்ணூறு வயதுக்காரரும் சொல்வார், ஸ்டூல் போட்டு ஏறி நிற்கும் ஐந்து வயதுக் குட்டியும் சொல்லும். "நம்புகிறேன்" என்று யாரும் சொல்வதில்லை. "எனக்குத் தெரியும்" என்றுதான் சொல்வோம். உண்மையா என்று ஆண்டவரிடமே முழங்காலில் நின்று கேட்க வேண்டும், கேட்டால் நெஞ்சுக்குள் கதகதவென்று பதில் வரும், வந்தபின் தெரியும் என்று சொல்லலாம். சின்ன வயதிலிருந்து எங்களுக்கு ஊட்டி வளர்த்தது இது.

அந்த ஞாயிறு நானும் வழக்கம்போல் மைக்கில் தெரியும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து ஓவனைத் திறந்து இறைச்சி வெந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ப்ரின்லி பின்னால் வந்து நின்றாள்.

"அம்மா, நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன். தினம் கேக்குறேன். ஒண்ணுமே வரல. எங்கிட்ட ஏதாவது கோளாறா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. இன்னும் கொஞ்சம் உபவாசம் இருந்து கேட்டுப் பாரு."

"உனக்கு வந்துச்சா?"

"வந்துச்சே" என்றேன், ஓவனிலிருந்து முகத்தை எடுக்காமல்.

வரவில்லை. அதுதான் உண்மை. அவள் வயதில் கேட்டேன், வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கேட்டேன். இவளை வயிற்றில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க மண்டியிட்டுக் கேட்டேன். எனக்கு நெஞ்சில் கதகதப்பு என்று ஒன்று வந்ததெல்லாம் சூப் குடித்தபோதுதான். ஆனாலும் மாதம் தவறாமல் மைக் முன்னால் போய் நிற்பேன். மற்ற எல்லோருக்கும் வந்திருக்கும்போது எனக்கு மட்டும் வரவில்லை என்று எந்த வாயால் சொல்வது? அதனால் கர்ட்டிடம்கூட மூச்சு விட்டதில்லை.

அன்றிலிருந்து ப்ரின்லி சபையில் பாட்டுப் பாடுவதில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடி நிற்பாள். ஒருநாள் கார் கண்ணாடியைப் பார்த்தபடி, "பதினெட்டு ஆனதும் நான் வர மாட்டேம்மா. இங்க எல்லாரும் ஒரு மாதிரி, நான் வேற மாதிரி" என்றாள். சபையை விட்டுப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வருவார்கள், தட்டைக் கழுவி வைப்பார்கள், எதையும் சொல்லாமல் போய்விடுவார்கள்.

வசந்தத்தில் ஷான்டெல் ஆல்ரெட்டின் நாவல் வந்தது. எங்கள் ஆள்தான். இரண்டு மணி நேரப் பயண தூரத்தில் இருக்கிறாள், ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவள், புத்தகம் போட்டது மட்டும் நியூயார்க்கில். கதாநாயகி எங்களைப் போல ஒரு சின்ன ஊர் மார்மன் பெண். அவளுடைய உயிர்த்தோழி விபத்தில் செத்துப்போகிறாள், அதிலிருந்து கதை. பிள்ளைகளுக்கு நான் நடத்தும் புதன்கிழமைக் கூட்டம் ஒன்றுக்கு ஷான்டெலை வரவழைத்தே தீர வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றார்கள். எழுதிக் கேட்டேன், உடனே சரி என்றுவிட்டாள். அலமாரிக்கு ஒரு பிரதி வாங்கினேன்.

"முதல்ல எனக்கு" என்றாள் ப்ரின்லி.

"முதல்ல எனக்கு, அப்புறம் உனக்கு" என்றேன்.

அவள் வயலின் வகுப்பில் இருந்த நேரத்தில் வாசலில் காரைப் போட்டு அதற்குள் உட்கார்ந்து படித்தேன். இரண்டு இடத்தில் மார்க்கரை எடுத்தேன், அதுவும் சில்லறை வார்த்தைகள். பிறகு அந்தப் பக்கம் வந்தது. தோழியைப் புதைத்த அன்று அந்தப் பெண் தன் அறைக்குப் போய் ஜெபிக்கிறாள். பதில் வரவில்லை. எழுந்திருக்கிறாள். அவ்வளவுதான். ஒன்றரைப் பக்கம். சத்தியமாகச் சொல்கிறேன், அதில் கெட்ட வார்த்தை இல்லை, முத்தம் இல்லை, பையன் என்ற பேச்சே இல்லை.

திரும்பப் படித்தேன். மறுபடியும் படித்தேன். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதேன். இத்தனை வருஷமாக எனக்குள் பூட்டி வைத்திருந்ததை, முன்பின் தெரியாத ஒருத்தி அச்சடித்துக் கடையில் வைத்து விற்கிறாள். எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலே என்னைக் குலைநடுங்க வைத்தது. இதை ப்ரின்லி படித்தால் கேட்பாள்: அம்மா, நிஜமாவே உனக்கு வந்துச்சா? இந்தத் தடவை முகத்தை மறைத்துக்கொள்ள எதிரில் ஓவன் இருக்காது.

மார்க்கரை எடுத்து ஒன்றரைப் பக்கத்தையும் வரி விடாமல் அடித்தேன். என் பிள்ளைக்கு என்ன மருந்து வேண்டுமோ அதுதான் அந்தப் பக்கம், தெரிந்தேதான் அடித்தேன். மை பின்பக்கம் வரை ஊறியது.

வயலின் பெட்டியோடு வந்து ஏறியவள் புத்தகத்தைப் பிடுங்கிப் புரட்டினாள். "அடேயப்பா! ஒன்றரைப் பக்கத்துக்கா முத்தம்! மூச்சு முட்டிச் செத்துட மாட்டாங்க?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பல மாதம் கழித்து அவள் அப்படிச் சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன். என்னைச் செருப்பாலேயே அடிக்க வேண்டும்.

புதன்கிழமை வந்தது. சபைக் கட்டடத்தின் கூடைப்பந்து அரங்கில் மடக்கு நாற்காலி போட்டு, ஒரு மேஜையில் பிரவுனியும், பேரில்தான் பியர், போதையில்லாத ரூட் பியர் குளிர்பானமும் வைத்திருந்தோம். ஷான்டெல் கர்ப்பிணி. வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள், வந்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மேடை விளிம்பில் உட்கார்ந்தாள்.

"மார்மன் எழுத்தாளர்னா ரெண்டு பக்கமும் இடிதான் பொண்ணுங்களா" என்று ஆரம்பித்தாள். "நியூயார்க்ல, உங்க பொண்ணு ஏன் காபியே குடிக்க மாட்டேங்கறா, ஏதாவது வியாதியான்னு கேக்குறாங்க. இங்க எங்க அத்தை, அந்தப் பையன் எதுக்கு அவ்ளோ நேரம் கையைப் புடிச்சிருக்கான், அவனுக்கு வேற வேலை இல்லையான்னு கேக்குறாங்க. நான் எங்கதான் போறது?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ப்ரின்லி முன்வரிசையில் இருந்தாள், கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, ஒரு பக்கம் படிச்சுக் காட்டட்டுமா? என் புத்தகத்துல படிக்க மாட்டேன், அது புதுக்கருக்கு அழியாம கிடக்கு. உங்கள்ல யாரு நல்லாப் படிச்சுக் கசக்கி வெச்சிருக்கீங்களோ, அதைக் குடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் நாற்காலியிலிருந்து பாதி எழுவதற்குள் ப்ரின்லி எழுந்து போய் நீட்டிவிட்டாள். "ரெண்டு தடவை படிச்சிட்டேன்" என்று வேறு சொன்னாள். அவளுக்கு அதில் எந்தக் கூச்சமும் இல்லை. கறுப்புக் கோடு போட்ட புத்தகங்களோடு வளர்ந்தவள் அவள்.

ஷான்டெல் சந்தோஷமாக வாங்கிப் புரட்டினாள். "எங்க போனாலும் இந்தப் பக்கத்தைத்தான் படிப்பேன். புத்தகத்துலயே எழுதக் கஷ்டப்பட்ட இடம் இது..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அடுத்த தாளைத் திருப்பினாள். மறுபடி முன்னால் வந்தாள்.

ஓக்லி என்று ஒரு வாயாடி, அவளுக்குச் சும்மா இருக்க முடியுமா? "அது சிஸ்டர் தோரப்போட மார்க்கர்! முத்தமெல்லாம் உள்ள போயிடும்!" என்று கத்தினாள். அரங்கமே சிரித்தது.

ஷான்டெல் சிரிக்கவில்லை. "இதுல முத்தமா?" என்று வாய்க்குள் கேட்டுக்கொண்டாள். பிறகு தலையைத் தூக்கி வரிசை வரிசையாகப் பார்த்து, யாரையும் கேட்காமலே என்னைக் கண்டுபிடித்தாள். என் முகமே காட்டிக் கொடுத்திருக்கும். மானம் கப்பலேறப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் ஏற்றவில்லை. "சரி, அப்போ சிரிக்கிற இடமா ஒண்ணு படிக்கிறேன்" என்று வேறு பக்கத்துக்குப் போய்விட்டாள். எல்லோர் முன்னாலும் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

கூட்டம் முடிந்து எல்லோரும் பிரவுனிக்கு வந்தார்கள். நான் கோப்பைகளில் ரூட் பியர் ஊற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டடி தள்ளி ப்ரின்லி, தான் எழுதிய கதையை ஷான்டெலிடம் நீட்டினாள். நாலைந்து தாள், முனை மடங்கியிருந்தது. ஷான்டெல் நின்றபடியே படித்தாள். "அட, நல்லா எழுதுறியே" என்றாள். பிறகு ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"இது என்ன கறுப்பா? உங்கம்மா இதையும் விடலையா?"

"இல்ல, அது நானேதான் அடிச்சேன்" என்றாள் என் மகள். "எப்படியும் அடிபடத்தானே போகுது. அம்மாவுக்கு வேலை மிச்சம்."

குத்திக்காட்டவில்லை அவள். பாத்திரம் கழுவி வைத்துவிட்டேன் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"அதுக்கு அடியில என்ன எழுதியிருந்தே?"

ப்ரின்லி தாளை வாங்கிப் பார்த்தாள். "தெரியல. ஞாபகம் இல்ல" என்றாள்.

என் கையிலிருந்த கோப்பை நிரம்பி மேஜையெல்லாம் வழிந்தது. துடைக்கத் துணி தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். என் மார்க்கருக்குள் என் மகளே போய்ச் சேர்ந்திருக்கிறாள், இவ்வளவு நாளும் நான் கண்ணை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"நீங்க படிக்கிறேன்னு சொன்ன பக்கத்துல என்ன இருந்துச்சு?" என்று ப்ரின்லி கேட்பது காதில் விழுந்தது.

"உங்கம்மாகிட்ட கேளு. அவங்க படிச்சிருக்காங்க" என்றாள் ஷான்டெல். போகும்போது என் அருகில் வந்து மெதுவாக, "எனக்குக் கோவமில்ல சிஸ்டர். ஆனா எனக்குக் கடிதம் எழுதுற பிள்ளைங்க முக்கால்வாசி அந்தப் பக்கத்துக்காகத்தான் எழுதுதுங்க" என்று சொல்லி என் தோளைத் தொட்டாள். ஒரு நன்றிகூடச் சொல்லாமல் நான் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

புதன்கிழமை கூட்டம் முடிந்தால் நானும் ப்ரின்லியும் காரிலிருந்தபடியே வாங்கிக்கொள்ளும் குளிர்பானக் கடைக்குப் போவோம். எனக்குக் கோக்கில் தேங்காயும் க்ரீமும், அவளுக்கு எலுமிச்சை. காபியும் டீயும் தொடாத எங்களுக்கு அதுதான் போதை. வெளிச்சம் இன்னும் இருந்தது. முன்னால் ஏழெட்டு வண்டி நின்றது. அவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இருந்துச்சும்மா அதுல?"

"அதான்... கொஞ்சம் முத்தம்" என்றேன். இவ்வளவுக்கும் பிறகும் அப்படித்தான் சொன்னேன்.

"யாருகூட?"

"அந்தப் பையன்கூடத்தான்."

"எந்தப் பையன்?" அவள் புத்தகத்தைத் திறந்தாள். "கூட்டாளியைப் புதைச்ச அன்னிக்காம்மா முத்தம் குடுப்பா? கறுப்புக்கு மேல அவ தனியா ரூமுக்குப் போறா. கறுப்புக்குக் கீழ தனியா உருளைக்கிழங்குத் தட்டோட தெருவுல நடக்குறா. நடுவுல பையன் எங்கேருந்து வந்தான், ஜன்னல் வழியாவா?"

வண்டி ஒன்று நகர்ந்தது. நானும் நகர்த்தினேன். இன்னொரு பொய் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் மடியில் புத்தகத்துக்கு அடியில் அந்தக் கதைத் தாள்கள் இருந்தன. அதில் அவளே அடித்த கோடுகள் தெரிந்தன.

முன் வண்டியின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன்.

"அவள் வெகுநேரம் மண்டியிட்டிருந்தாள். இருக்கிறீரா என்று மட்டும் கேட்டாள். கீழே ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்டது. எழுந்தபோது முழங்காலில் கம்பளத்தின் தடம் பதிந்திருந்தது. அன்றைக்கு அவளுக்குக் கிடைத்தது அதுதான். உருளைக்கிழங்கு ஆறுது என்று அம்மா கூப்பிட்டாள், அவங்க வீட்டுக்குக் கொண்டு போக வேண்டாமா என்றாள். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு இறங்கினாள். பதில் கிடைத்தவர்கள் யாராவது வந்து தட்டைத் தூக்கட்டும் என்று காத்திருந்தால் செத்த வீட்டில் எல்லோரும் பட்டினி கிடப்பார்கள். தட்டு சுட்டது. அவளே தூக்கினாள்."

இன்னும் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றரைப் பக்கத்தையும்.

ப்ரின்லி புத்தகத்தை மூடினாள்.

"புத்தகம் என் மடியில இருக்கு" என்றாள் பிறகு. "நீ எதைப் பாத்தும்மா சொல்றே?"

முன் வண்டி நகர்ந்தது, நானும் நகர்த்தினேன்.

"உனக்கும் வரல."

"வரல."

"ஒரு தடவை கூடவா?"

"ஒரு தடவை கூட."

எங்கள் முறை வந்து ஜன்னல் திறந்தது. தொப்பி போட்ட கடைப் பெண் சிரித்துக்கொண்டே என்ன வேண்டும் என்று கேட்டாள். ப்ரின்லி எனக்குக் குறுக்கே எட்டிப் பார்த்து, "அம்மாவுக்குத் தேங்காய் க்ரீம் போட்டது, பெருசா. எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றாள். ஜன்னல் மூடும் வரை பொறுத்திருந்தாள்.

"ஜனவரியிலயே கேட்டேனேம்மா" என்றாள்.